நாற்பத்தொரு ஓம்

அநியாயம் நடந்தது எனக்கு, அன்ரி. செய்தவர் ஞானசீலன் சேர், கம்பஸில் என்னுடைய ஆய்வுக்குப் பொறுப்பானவர். நாற்பத்தொரு வீட்டுப் படலையைத் திறந்து, நாய்க்குப் பயந்து பயந்து உள்ளே போய், ஒவ்வொருவரிடமும் இருபத்திரண்டு கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டு வந்தவள் நான். அந்தப் படிவக் கட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது என்ன தெரியுமா? “இதை நீர் விடுதியில இருந்து நீரே நிரப்பினீர்.” தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாலாவது பொறுத்திருப்பேன். இன்னும் மூன்று பேர் தங்கள் கட்டுகளோடு வரிசையில் நிற்கும்போது சொன்னார். அதில் ஒருத்தன் சிரித்தான். அவன் தன்னுடையதைத் தானே நிரப்பியவன் என்பது எங்கள் வகுப்பு முழுக்கத் தெரிந்த கதை.

பையை மடியில் வையுங்கோ, இடம் காணும். பரந்தனில்தானே இறங்குவீங்கள்? அப்ப நேரம் இருக்கிறது. சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன். எனக்குச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது என்று கம்பஸில் ஒரு கதை உலாவுகிறது, நம்பாதேங்கோ.

நான் படிப்பது உளவியல், கடைசி வருஷம். இல்லை, உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று என்னால் சொல்ல முடியாது. பஸ்ஸில் யாரிடம் சொன்னாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். என்னுடைய ஆய்வு போரில் அடிபட்ட மனங்களைப் பற்றியது. காயம் ஆறிய பிறகும் உடம்பில் வடு இருக்கிறதல்லவா, அப்படி மனதில் இருப்பதை மனவடு என்கிறோம். அது ஒருவருக்கு இருக்கிறதா என்று பார்க்க ஒரு படிவம் உண்டு. கெட்ட கனவு வருகிறதா, திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு பதறுகிறதா, நடந்ததை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா, இப்படி இருபத்திரண்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ‘ஓம்’ அல்லது ‘இல்லை’. பதினொன்றுக்கு மேல் ‘ஓம்’ வந்தால் மனவடு இருக்கிறது என்று கணக்கு.

கேள்வி கேட்க ஊருக்குப் போக முதல் அதை எனக்கு நானே நிரப்பிப் பார்த்தேன். நல்ல ஆய்வாளர் அப்படித்தான் செய்ய வேண்டும். ஒரு ‘ஓம்’ கூட வரவில்லை, பூச்சியம். நானும் வன்னிதான், போர் முடியும்போது ஏழு வயது. ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கும், சொல்லுங்கோ? பங்கருக்குள் இருந்த ஒரு பச்சை வாளி நினைவிருக்கிறது. அதற்குக் கைபிடி இல்லை, கயிறு கட்டியிருந்தது. நீலக் கயிறு, இரண்டு முடிச்சு. அவ்வளவுதான். வேறு ஒன்றும் நினைவில்லை.

இந்தக் கேள்விகள் எங்கே பிறந்தவை தெரியுமா? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டியது. முதலாம் உலகப் போரில், காலில் ஒரு கீறலும் இல்லாத இளந்தாரிகள் நடக்க முடியாமல், வாய் பேசாமல், நடுநடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்களாம். ஷெல் வெடித்த அதிர்வில் மூளை குலுங்கிவிட்டது என்று டொக்டர்மார் நினைத்தார்கள். பிறகு பார்த்தால், ஷெல்லுக்குக் கிட்டவே போகாதவனும் நடுங்குகிறான். அப்போ இவன் கோழை என்றார்கள் சிலர். ஓடிவந்தவன் என்று கட்டிவைத்துச் சுட்டும் இருக்கிறார்கள். வேறு சில டொக்டர்மார், இவனைத் தூர இடத்துக்கு அனுப்பாதே, சண்டைக்குக் கிட்டவே வைத்து நித்திரை கொள்ள விடு, சூடாகச் சாப்பாடு கொடு, சுகம் வரும் என்று சொல்லு என்றார்கள். நல்ல வைத்தியம்தான். எதற்கு என்று கேளுங்கோ. திரும்பவும் சண்டைக்கு அனுப்ப! லொறி திருத்துகிற மாதிரி. பிறகு வியட்நாம் போர் வந்தது. அதிலிருந்து திரும்பி வந்த அமெரிக்க ஆட்கள் தாங்களே கூடியிருந்து கதைத்து, தங்களோடு நின்ற சில டொக்டர்மாரையும் சேர்த்துக்கொண்டு சண்டை பிடித்து, இது ஒரு வருத்தம்தான், நோய்தான் என்று 1980இல் டொக்டர்மாருடைய புத்தகத்தில் எழுத வைத்தார்கள். சண்டை பிடித்து, அன்ரி. அந்த இடம் எனக்கு நன்றாகப் பிடிக்கும்.

அதற்குப் பிறகு எங்கே என்ன நடந்தாலும் ஒரு குழு ஓடிவரத் தொடங்கியது. எல்லாரையும் வட்டமாக இருத்தி, நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லுங்கள், சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். வருஷக்கணக்காக அப்படிச் சொல்ல வைத்துவிட்டு, பிறகு ஆராய்ந்து பார்த்தால், அதனால் பெரிய பயன் இல்லையாம். சிலருக்கு முன்னையைவிட மோசமாகிவிட்டதாம். இப்போது புது முறை. தண்ணீர் கொடு, பத்திரமான இடத்தில் இருத்து, என்ன நடக்கிறது என்று உள்ளதைச் சொல்லு, வீட்டாரோடு கதைக்க வை, தானாகச் சொன்னால் கேள், நோண்டாதே. இதைக் கண்டுபிடிக்க நூறு வருஷமும் அத்தனை போரும் வேண்டியிருந்தது. இதற்குத் தனியாக மூன்று நாள் பயிற்சி இருக்கிறது. நான் எடுத்திருக்கிறேன், சான்றிதழ் இருக்கிறது.

இதில் என்னுடைய வாதம் ஒன்று உண்டு. இந்தக் கேள்விகளெல்லாம், போருக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி வந்த ஆம்பிளைக்காகச் செய்தவை. எங்களுக்குப் போர் வீட்டுக்கு வந்தது. அப்போ அதே கேள்வியை இங்கே கேட்டால் சரிவருமா? சேரிடம் கேட்டேன். “நல்ல கேள்வி, முடிவுரையில எழுதும்” என்றார். தங்களுக்குப் பதில் தெரியாத எல்லாவற்றையும் இவர்கள் முடிவுரைக்குத்தான் அனுப்புவார்கள்.

சரி, ஊருக்கு வருகிறேன். ஊருக்குப் பெயர் பாலையடிக்குளம். முல்லைத்தீவு வீதியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். இப்போதும் அங்கேதான் போகிறேன். அதை நான் தெரிந்தெடுக்கவில்லை, சேர்தான் தந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முதல், சனம் மீளக் குடியேறிய கொஞ்ச நாளில், அவரே அங்கே போய் இதே படிவத்தை நிரப்பியவர். அப்போது இளம் விரிவுரையாளர், தலையில் முடி இருந்த காலம். அறுபது பேரைக் கேட்டதில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் மனவடு என்று வந்ததாம். இவ்வளவு அடிபட்ட ஊரில் எப்படி இவ்வளவு குறைவு? அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஒற்றுமையால், கோயிலால், கூட்டு வாழ்க்கையால் ஊர் தன்னைத் தானே ஆற்றிக்கொண்டது என்று. நான்கு நாட்டுக்குப் போய் அதை வாசித்தவர். எங்களுக்கு இரண்டாம் வருஷத்தில் அது பாடம். பரீட்சையில் அதை எழுதி நான் எழுபத்தெட்டு எடுத்தேன்.

அதே ஊரில் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. நூற்றுக்கு ஐந்து இப்போது மூன்றாகவோ இரண்டாகவோ குறைந்திருக்கும், இன்னொரு கட்டுரை வரும், அடியில் சின்ன எழுத்தில் என் பெயரும் வரும் என்று நினைத்தார். நானும் நினைத்தேன்.

நாற்பத்தொரு பேரைக் கேட்டேன். நாற்பத்தொரு பேருக்கும் மனவடு. அதுவும் மட்டுமட்டாக இல்லை, பதினெட்டு, இருபது என்று ‘ஓம்’.

“உலகத்தில ஒரு இடத்திலயும் நூற்றுக்கு நூறு வராது, யதுர்சிகா. தலையிடி இருக்கோ எண்டு கேட்டாலும் நாலு பேர் இல்லை எண்டுவினம்” என்றார் சேர். நான் ஏழு காரணம் சொல்லத் தொடங்கினேன். நாலாவது காரணத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். என் வாதத் திறமையில் தனக்குச் சந்தேகம் இல்லையாம், என் நேர்மையில்தான் சந்தேகமாம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இதெல்லாம் உண்மையாகக் கேட்டு எழுதியது என்று அவர் நம்பும்படி ஏதாவது கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் துறைக்கு எழுதுவார். எழுதினால் பட்டம் ஒரு வருஷம் நிற்கும். அதைவிட, பொய் எழுதினவள் என்று என் பெயருக்குப் பின்னால் நிற்கும். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் பட்டமளிப்பு அன்றைக்குக் கம்பஸ் கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் எடுக்க, நான் மட்டும் அம்மாவுக்கு என்ன சொல்வது? அப்பா இல்லை. அம்மா என்னைப் படிப்பித்தது ஒரு தையல் மெசினில். அந்தக் கதையை விடுவம்.

செவ்வாய்க்கிழமை பாலையடிக்குளத்துக்குப் போனேன். நான் வந்து கேட்டது உண்மை என்று மாதர் சங்கத்திடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

அங்கே எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புக்காத்துப் பிள்ளை. கோட்டில் வாதாடுகிறவரை அந்தக் காலத்தில் அப்படித்தானே சொல்வார்கள். முதல் தடவை போன அன்றைக்கு, வீடு வீடாகப் போக முதல் எல்லாரையும் சந்தித்த முன்பள்ளிக் கட்டடத்தில் ஒரே ஒரு கதிரை இருந்தது. அரசாங்க உத்தியோகம் என்ற மிடுக்கில் விதானையார் வந்து அதில் இருந்துவிட்டார். நான் கேள்வி கேட்கப் போகிற பெண்களெல்லாம் பாயில். பதில் சொல்கிறவர் கதிரையில், பார்க்க வந்தவர் பாயில், அதுதான் முறை என்று நான் சொன்னேன். விதானையார் அப்படி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை என்றார். நாற்பது நிமிஷம் போனது. கடைசியில் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை, அதில் என் பையை வைத்தோம். அன்றைக்கு வைத்த பெயர். அவர்கள் அதை மரியாதையாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பத்துப் பதினைந்து பேர் முன்பள்ளிக்குள் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவி ஜெயகௌரியக்கா நடுவில். நாற்பது வயதிருக்கும். கதைக்கும்போது கை நிற்காது, கச்சான் கோது பறந்துகொண்டே இருக்கும். சேர் சொன்னதைச் சொன்னேன். எல்லாருக்கும் கோபம் வந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடிதம்தானே, உடனே தருவம் என்றார்கள். கொப்பித் தாளும் வந்துவிட்டது. அப்போது பார்த்து நிரோசா என்று ஒருத்தி, கைப்பிள்ளைக்காரி, பகிடிக்காரியும்கூட, கேட்டாள்:

“அப்ப நாங்கள் சரியாச் சொல்லேல்லையோ? கௌரியக்கா சொல்லித் தந்தபடிதானே எல்லாரும் சொன்னனாங்கள்.”

கௌரியக்கா கொப்பித் தாளை மடித்து மடியில் வைத்தா.

சொல்லித் தந்தபடி! விசாரித்தால், நான் வருவதற்கு முதல் நாள் கூட்டம் வைத்திருக்கிறார்கள். கம்பஸில் இருந்து ஒரு பிள்ளை கேள்வி கேட்க வருகுது, இப்படி இப்படிக் கேட்கும், இப்படிச் சொல்லுவம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இந்தப் படிவம் அவர்களுக்குப் பாடம். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை நிறுவனம் வந்து எத்தனை தரம் கேட்டிருக்கும்! நாலாவது கேள்வியை நான் முடிக்க முதல் பதில் வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு நான் அதை, என் உச்சரிப்புத் தெளிவு என்று நினைத்திருந்தேன்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவா? என் பட்டம் போகிறது, இவர்கள் நாடகம் போட்டிருக்கிறார்கள். கோழிக்குஞ்சு தருகிற ஆட்களுக்கும் தண்ணீர்த் தாங்கி தருகிற ஆட்களுக்கும் ஒப்புவிக்கிற மாதிரி எனக்கும் ஒப்புவித்திருக்கிறீர்கள் என்றேன். ஆய்வு என்றால் உண்மை, உண்மை சொல்லத் தெரியாதவர்கள் ஏன் இருந்து பதில் சொன்னீர்கள், இதையெல்லாம் நீங்களாக இட்டுக்கட்டினீர்கள் என்றேன். ஒருவரை நேருக்கு நேர் பொய்யர் என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும், அன்ரி, எனக்குச் சொன்னார்களல்லவா. ஆனால் இது வேறு. என்னிடம் காரணம் இருந்தது.

அவர்கள் யாரும் எழும்பிப் போகவில்லை. தொண்டை காயும், தண்ணியைக் குடிச்சிட்டுத் திட்டுங்கோ பிள்ளை என்று ஒருவர் செம்பை நகர்த்தினார். நான் குடிக்கவில்லை. பொய்யைப் பொய் என்று நிரூபிக்க வேண்டும் அல்லவா, பையில் இருந்து படிவத்தை எடுத்தேன். பத்தாவது கேள்வி, நடந்ததை நினைவூட்டும் இடங்களைத் தவிர்க்கிறீர்களா? நாற்பத்தொரு பேரும் ‘ஓம்’. நடந்ததே இந்த ஊரில், வீடும் இந்த ஊரில், எதைத் தவிர்க்கிறீர்கள், எப்படித் தவிர்க்கிறீர்கள் என்று மடக்கினேன். நல்ல மடக்கு. மூலையில் இருந்த கமலேஸ்வரியம்மா, அதுவரைக்கும் வாய் திறக்காதவ, தலை நிமிராமல் சொன்னா:

“கிணத்தடிக்கு நான் மற்றப் பக்கத்தால சுத்தித்தான் போறனான். நேர நடந்தால் பத்து எட்டுத்தான்.”

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். குடியேறின நாளில் இருந்து என்றா. அதைக் கொப்பியில் எழுதினேன். வாதத்துக்கு உதவும் என்றுதான் எழுதினேன், ஆனால் எந்தப் பக்கத்து வாதத்துக்கு என்று அந்த நேரம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவ, தான் இன்னும் மா இடிக்கிற உரலை வீட்டுக்கு உள்ளே வைத்திருப்பதாகச் சொன்னா, வெளியில் இருந்து கேட்டால் சத்தம் வேறு மாதிரி இருக்குமாம். அதற்குப் படிவத்தில் கேள்வியே இல்லை.

அப்போதுதான் என் பேனை விழுந்தது.

பின்பக்கக் காட்டில் கண்ணிவெடி எடுக்கிற ஆட்கள், எடுத்த பழைய குண்டுகளை ஒன்றாக வைத்து வெடிக்க வைத்தார்கள். பெரிய சத்தம், முன்பள்ளித் தகரமே அதிர்ந்தது. அதே நேரம் என் பேனை விழுந்தது. பிள்ளைகளின் மேசை தாழ்வானது, அதற்குக் கீழே பேனை உருண்டுவிட்டால் உள்ளே போய்த்தானே எடுக்க வேண்டும். போனேன். கொஞ்ச நேரம் எடுத்தது. பேனை என் கையிலேயே இருந்தது என்று நிரோசா சொல்கிறாள், அவள் பகிடிக்காரி என்று முதலே சொன்னேன். சிரிக்காதேங்கோ, அன்ரி.

அவர்கள் செய்ததுதான் எனக்குச் சங்கடம். யாரும் இழுத்து எடுக்கவில்லை, ஏன் உள்ளே போனாய் என்று கேட்கவில்லை. கௌரியக்கா மேசைக்குப் பக்கத்தில் நிலத்தில் வந்து இருந்தா. கண்ணிவெடிக்காரர், பதினொண்டரைக்கு எண்டு நேற்றே அறிவிச்சவை, இன்னும் ஒண்டு இருக்கு, பத்து நிமிசத்தில வெடிக்கும், பிறகு இண்டைக்கு இல்லை என்று, மேசையோடு கதைக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னா. வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் மேசைக்குக் கீழே வந்தது. அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டா. சொன்னேன். யாரோ என் போனை எடுத்து அம்மாவை அழைத்துத் தந்தார்கள். பிள்ளை இஞ்சதான் நிக்கிறா, நல்லாயிருக்கிறா என்று கௌரியக்கா அம்மாவிடம் சொன்னா, பிறகு நானும் கதைத்தேன். இரண்டாவது வெடிக்கும்வரை எல்லாரும் வெறுமனே இருந்தார்கள். அது வெடித்தது. அவ்வளவுதான் என்றா கௌரியக்கா. நான் பேனையோடு வெளியே வந்தேன்.

நான் மூன்று நாள் பயிற்சி எடுத்து வைத்திருக்கிற முறை, ஒரு படியும் பிசகவில்லை. இவர்களுக்கு எந்த நிறுவனம் பயிற்சி கொடுத்தது என்று கேட்டேன். கச்சான் உடைத்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப் பயிற்சி கொடுக்கிறவர்கள் யார் என்றும், தேவையில்லாத இடத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் நான் அவர்களுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. நான் பேனைதானே எடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் கௌரியக்கா அந்தக் கதையைச் சொன்னா. மற்றவர்களைப் பார்த்து, சொல்லுவமா என்று கேட்டுவிட்டுச் சொன்னா.

“உங்கட சேரைப் பிழையா நினையாதேங்கோ பிள்ளை. நல்ல மனிசன். முதன்முதல் வந்தண்டு, முதல் வீட்டிலயே அழுதிட்டார்.”

எனக்கு விளங்கவில்லை. யார் அழுதது என்று கேட்டேன். சேர்தான். கேள்வி கேட்டுக்கொண்டு இருந்தவர், பேனையை வைத்துவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாராம். அந்த வீட்டுக்காரி தன் கதையை நிறுத்திப்போட்டு அவரைத் தேற்றினாவாம். முகம் கழுவத் தண்ணீர் வார்த்து, தேத்தண்ணி கொடுத்து, நாலு பேர் கூடிப் போய் வீதியில் பஸ் ஏற்றிவிட்டார்களாம். இனி வரமாட்டார் என்று நினைத்தால், அடுத்த நாள் காலமை கட்டும் கையுமாகத் திரும்பவும் வந்துவிட்டார். கண் வீங்கியிருந்ததாம்.

“எங்களுக்குப் பாவமாப் போச்சு” என்றா கௌரியக்கா. “படிச்ச மனிசன், தாங்கமாட்டார். வீட்டுக்கு வீடு அழவைக்கிறதே? கூடிக் கதைச்சுப்போட்டு எல்லாருமா ‘இல்லை’ எண்டு சொல்லுவம் எண்டு விட்டம். நித்திரை வருதோ, வடிவா வருது. கனவு, இல்லை. பயம், இல்லை. ஒவ்வொரு வீடா அவற்ற முகம் தெளிஞ்சுகொண்டு போச்சு. கடைசி வீட்டில பகிடியும் விட்டவராம். பிறகு வந்த ஆக்களுக்கும் அதையே சொல்லிப் பழகிப்போச்சு.”

அப்போ எனக்கு? எனக்கு முதல் நாள் கூட்டம் வைத்து என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்திருக்க வேண்டும், நிரோசா காதைக் கிட்டக் கொண்டுவந்தாள். வேண்டுமென்றுதான் செய்தாள்.

“அப்பிடிப் பெரிசா என்ன. சேர் போன் எடுத்து, தன்ர பிள்ளை ஒண்டு வருகுது, உதவி செய்யுங்கோ எண்டவர். சரி, பரீட்சைக்கு எழுதிற பிள்ளை, பிழையாச் சொல்லி அனுப்பினால் பாவம், இந்தமுறை உள்ளதைச் சொல்லிப்போடுவம் எண்டன். கன பேருக்கு விருப்பமில்லை. நீங்கள் வந்து விதானையாரோட கதிரைக்குச் சண்டை பிடிக்கிறதைப் பார்த்த பிறகுதான் எல்லாரும் ஓம் எண்டவை. இது அழுகிற சாதி இல்லை, எங்களோடயும் சண்டைதான் பிடிக்கும், பயமில்லாமச் சொல்லலாம் எண்டு.”

அப்போதுதான் நான் அந்தச் செம்பை எடுத்துத் தண்ணியைக் குடித்தேன்.

இதைத் தாளில் எழுதித் தாருங்கோ என்றேன். இதைவிட நல்ல ஆதாரம் எது? நாற்பத்தொரு பேர் கையெழுத்து வைத்தால் வெள்ளிக்கிழமை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகலாம். அங்கேதான் ஒரே பிடியாக நின்றார்கள். எழுத மாட்டார்களாம். எழுதினால் நாலு பேர் வாசிப்பினமாம், அந்த மனிசனுக்கு மானக்கேடாம். பன்னிரண்டு வருஷம் கட்டிக்காத்ததை இப்போது போட்டு உடைக்க ஏலாதாம். அப்போ என் பட்டம்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். நீங்கள் அவரிட்டத் தனியாச் சொல்லுங்கோ, கதவைச் சாத்திப்போட்டுச் சொல்லுங்கோ, தாளில மட்டும் வேண்டாம். அவர் நம்பாவிட்டால் என்று கேட்டேன். அதுதான் நீங்கள் அப்புக்காத்துப் பிள்ளையாச்சே என்றாள் நிரோசா.

இரண்டு நாள் யோசித்தேன். என் பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால், ஒரு பெரிய மனிதரிடம் போய், உங்கள் கட்டுரை பிழை, நான்கு நாட்டில் வாசித்தது பிழை, ஊர் தன்னைத் தானே ஆற்றவில்லை, உங்களைத்தான் ஆற்றியது என்று சொல்ல வேண்டும். அதுவும் கையில் ஒரு துண்டுத் தாள் இல்லாமல். நீங்கள் என்றால் சொல்லுவீங்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, அந்த வரிசையில் நின்று சிரித்தவனை நினைத்தேன். போனேன்.

வியாழக்கிழமை, மத்தியானம். கதவைச் சாத்தலாமா சேர் என்று கேட்டேன். என்ன, அடிக்கப் போறீரோ என்றார். சாத்தினேன். ஒன்பது குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன், முதல் குறிப்பு மனவடுவின் வரலாறு, அதில் தொடங்கி மெதுமெதுவாக வரலாம் என்று. வாயைத் திறந்தால் வரலாறு வரவில்லை. கூட்டத்தைச் சொன்னேன், ‘இல்லை’ சொன்னதைச் சொன்னேன், தேத்தண்ணியைச் சொன்னேன், பஸ் ஏற்றிவிட்டதைச் சொன்னேன். நீங்கள் முதல் வீட்டிலேயே அழுதீர்களாம், அதனால் பிறகு ஒருவரும் உங்களுக்கு உண்மை சொல்லவில்லையாம் என்று சொன்னேன். சொல்லும்போது மேசையைத்தான் பார்த்தேன். அவருடைய மேசையில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு பசைப் போத்தல் மட்டும்.

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன், அதற்குப் பதில்கூடத் தயார். பட்டம் போய்விட்டது என்று முடிவெடுத்து, வேறு எந்தப் படிப்புக்குப் போகலாம் என்றும் ஒரு பக்கம் யோசித்தேன், சட்டம் என்றால் சரிவரும். அவர் எழும்பி இரும்பு அலுமாரியைத் திறந்தார். கீழ்த்தட்டில் இருந்து, நாடாவால் கட்டிய பழைய கட்டு ஒன்றை எடுத்து வந்து முன்னால் வைத்தார். நாடா அவிழவில்லை, இறுகிப்போயிருந்தது. வெட்டினார். படிவங்களை அவர் கேட்ட வரிசையிலேயே வைத்திருந்தார், மேலே இலக்கம் போட்டு. முதலாவதை என் பக்கம் திருப்பினார். மேலிருந்து கீழ்வரை ‘ஓம்’. இரண்டாவதைத் திருப்பினார். அதுவும் ‘ஓம்’. மூன்றாவதில் பதினாலாவது கேள்வி வரைக்கும் ‘ஓம்’, அதற்குக் கீழே ஒன்றும் எழுதாத வெறுந்தாள். நாலாவதில் இருந்து, அன்ரி, அறுபது வரைக்கும், ஒரே எழுத்தில், ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’.

அந்த மூன்றாவது தாளை மட்டும் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சேர் சொன்னார்:

“முதலாம் வீட்டில இல்லை, மூண்டாம் வீட்டில. எழுதேக்கை அதைச் சரியா எழுதும்.”